பெட்டியும் பெட்டையும்

எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் கோழிக்கருவின் கண்ணாடித் தகடுகள் சில உள. 24 மணி நேரக் கரு, 48 மணி நேரக் கரு, 72 மணி நேரக் கரு எனச் சிறு தாளில் எழுதி ஒட்டப்பட்ட அவற்றை நுண்பெருக்கியின் கீழ் வைத்து, கண்டவாறு வரைந்து, உறுப்புக்களின் பெயரைக் குறித்து, ஆசிரியரிடம் கையொப்பம் பெறுதல் மாணவர் கடமை. ஒருநாள் நான் 72 மணி நேரத் தகட்டை வரைந்துகொண்டிருக்கையில், அருகிலிருந்த நண்பர், "இதற்கு உயிர் இருந்திருக்குமோ?" என வினவினார். "இருந்திருக்கும், இதயம் இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடும்" என்றேன். "புத்தகத்திற் படித்தீரோ?" என்றார். "படித்ததும் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் முட்டையொன்றில் அத்துடிப்பைக் கண்ணாற் கண்டிருக்கிறேன்" என்றேன். அவர் நகைத்தார். அவர் பொருட்டும், அவரைப்போல் முட்டையைக் கடையிலன்றி வேறெங்கும் கண்டறியாத ஏனை நண்பர் பொருட்டும், என் பதினாறாம் வயதில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றை இங்கு எழுதத் துணிந்தேன். அது எனக்குப் பெருமை தருவதன்று என்பதை முன்னரே கூறிவிடுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குக் கிழக்கே உள்ளது. இம்மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் வடகாடு, கீரமங்கலம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த செம்மண் நிலம் மட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரால் பலாவும் தென்னையும் பூந்தோட்டமுமாகச் சோலைபோல் விளங்குவது. எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு முதிய பலாமரம் இருந்தது. அதன் நிழலில் என் அப்பத்தாவின் கோழிக்கூண்டு. ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் அதில் வாழ்ந்தன. முட்டை விற்ற காசும் கோழி விற்ற காசும் அப்பத்தாவின் சிறுவாடு. வெற்றிலை பாக்கும், பேரப் பிள்ளைகளுக்குத் திருவிழாவில் வாங்கிக்கொடுக்கும் பண்டமும், எவருக்கும் தெரியாமல் எவருக்கோ செய்த உதவிகளும் அதினின்று வந்தவையே. அக்காசில் என் தந்தையார் கை வைத்ததில்லை.

அப்பத்தா அடை வைக்கும் முறையை நான் சிறு வயதுமுதல் பார்த்தவன். நாட்டுப் பெட்டை பன்னிரண்டு பதினைந்து முட்டைகள் இட்டபின் இடுவதை நிறுத்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, "கொர் கொர்" என ஒருவகை ஒலி எழுப்பி, இட்ட இடத்தை விட்டு எழாது. அதுவே அடைக்கோழி. உடனே அப்பத்தா ஓர் அகன்ற பழங்கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் மெத்தையிட்டு, தவிட்டுப் பானையில் சேர்த்து வைத்திருந்த முட்டைகளில் பத்து நாளைக்கு மேற்படாதவற்றைத் தெரிந்தெடுத்து வைப்பார். எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருத்தல் வேண்டும். முட்டைகளுக்கிடையே ஓர் அடுப்புக் கரித்துண்டு, ஒரு வரமிளகாய், ஓர் இரும்பாணி இம்மூன்றும் இடம்பெறும். இடி முழங்கினால் கரு கலங்கிக் கூமுட்டையாகிவிடும் என்றும், இரும்பிருந்தால் இடி அண்டாது என்றும் அவர் கூறுவார். கூடை வைக்கப்படும் இடம் வீட்டினுள்ளே, அடுக்களைக்குப் பக்கத்திலுள்ள இருண்ட மூலை. பூனையும் கீரியும் நுழையாத இடம் அஃது ஒன்றே. இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குப் பொருள் உண்டு.

இவ்வாறிருக்க, 2018-ம் ஆண்டு நான் பதினோராம் வகுப்பில் படித்தபொழுது எனக்கு ஒரு கணக்குத் தோன்றிற்று. அடைகாக்கும் பெட்டை 21 நாள் முட்டைமேல் அமர்கிறது; அதன்பின் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் திரிகிறது. அக்காலமெல்லாம் அது முட்டையிடுவதில்லை. ஆண்டொன்றுக்கு ஒரு நாட்டுப் பெட்டை ஐம்பது அறுபது முட்டைக்கு மேல் தாராமைக்கு இதுவே முதற்காரணம். பெட்டையின் வேலையை ஒரு பெட்டி செய்துவிடுமானால், பெட்டை இரண்டொரு வாரத்தில் மீண்டும் இடத் தொடங்கும், வருவாய் இருமடங்காகும். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் பொரிப்பகங்களில் பல்லாயிரம் முட்டைகள் ஒருங்கே பெட்டிக்குள் குஞ்சாகின்றன என்பதும் எனக்குத் தெரியும். அங்கு முட்டையிடும் வெள்ளை லெகார்ன் இனத்திற்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தமையால் அடைகாக்கும் இயல்பே பெரிதும் அற்றுப்போயிற்று. ஆதலின் எங்கள் பெட்டைகள் அமர்ந்திருப்பது வீண் காலம் என நான் முடிவு கட்டினேன்.

இங்கு ஒரு சிறு செய்தி. கடையில் விற்கும் வெள்ளை முட்டையை எத்துணை நாள் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வாராது. அப்பண்ணைகளில் சேவல் கிடையாது. இதனை அறியாத என் பள்ளித் தோழன் ஒருவன் கடைமுட்டை ஆறினை விளக்கின் கீழ் 21 நாள் வைத்துக் காத்திருந்து, 22-ஆம் நாள் ஒன்றினை உடைத்து, அதன் நாற்றத்தால் வீட்டாரிடம் பட்ட பாடு எங்கள் வகுப்பில் நெடுநாள் பேசப்பட்டது.

பெட்டி செய்வது அருமையன்று. மருந்துக்கடையில் வேண்டாமென எறிந்த தெர்மோகோல் பெட்டி ஒன்று. 40 வாட் குண்டு பல்பு ஒன்று. சூடு மிகுந்தால் விளக்கைத் தானே அணைத்துக் குறைந்தால் தானே ஏற்றும் சிறு மின்கருவி ஒன்று. பாட்டரியில் இயங்கும் வெப்பமானி. அடியில் ஒரு கிண்ணம் நீர். காற்றுப் போக்குவரவுக்கு நான்கைந்து துளை. காற்றாடி சுழலும் பெட்டியாயின் எங்கும் சூடு ஒரே அளவாக நிற்கும், 37.5 டிகிரி செல்சியஸ் போதும். என் பெட்டியில் காற்றாடி இல்லை. அதனால் மேலே சூடும் கீழே தண்மையுமாக இருக்கும். முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 டிகிரி அளவில் வைக்க வேண்டும். வெறும் பெட்டியை இரண்டு நாள் எரியவிட்டுச் சரிபார்த்தேன். அவ்விரு நாள் பொறுமையை எனக்கு யார் தந்தார் என்பது இன்றும் விளங்கவில்லை. ஏனெனில் அதற்குப்பின் நான் செய்த எதிலும் பொறுமை இல்லை.

அவ்வமயம் அடைக்கு வந்திருந்தது சாம்பல் நிறப் பெட்டை ஒன்று. அப்பத்தாவின் கோழிகளுள் அதுவே சிறந்த தாய். பருந்து வட்டமிட்டால் குஞ்சுகளை இறகுக்குள் இழுத்துக்கொண்டு தான் நிமிர்ந்து நிற்கும். ஒருமுறை நாயையே துரத்திற்று. அதன் அடையைத் தெளியவைக்க வேண்டுமென்று நான் கேட்டபொழுது, அப்பத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்பு, அதுவாக உட்காருகிறேன் என்கிறது, நீ ஏன் எழுந்திரு என்கிறாய்?" என்றார். நான் என் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். எழுத்தறியாத அவர் தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேரன் படித்தவன் என்ற ஒரே காரணத்தால் இசைந்தார். மூன்று நாள் காலையும் மாலையும் சாம்பற் பெட்டையை வாளி நீரில் முக்கியெடுத்தேன். மூன்றாம் நாள் அது அடை தெளிந்து, மற்றைக் கோழிகளுடன் பலாமரத்தடிக் கூண்டில் சென்று அடைந்தது.

2018 நவம்பர் 2-ந் தேதி வெள்ளிக்கிழமை மாலை 15 முட்டைகளைப் பெட்டியில் வைத்தேன். நான்கு நாளில் தீபாவளி. 21 நாள் கணக்கிட்டால் 23-ந் தேதி பொரிக்கவேண்டும், அன்று திருக்கார்த்திகை.

முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் பெருக்கற்குறியும் மறுபக்கத்தில் வட்டமும் இட்டு, நாளொன்றுக்கு மூன்றுமுறை புரட்டினேன். புரட்டாவிடின் வளரும் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு அழியும். பெட்டை இதனை அலகால் இரவும் பகலும் பலமுறை செய்கிறது. எவரும் அதற்குக் கற்பித்ததில்லை. ஐந்தாம் நாள் இரவு, அட்டைக்குழல் ஒன்றின் வழியே கைப்பேசி விளக்கை ஒரு மெல்லோட்டு முட்டைமேற் பாய்ச்சிப் பார்த்தேன். சிலந்தியின் கால்கள் போலச் செந்நரம்புகள் பரந்திருந்தன. நடுவே ஒரு கரும்புள்ளி. அதனருகில் ஏதோ விட்டுவிட்டு அசைந்தது. அப்பத்தாவை அழைத்துக் காட்டினேன். எழுபது வயதிற்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பொரிக்கவைத்த அவர், அதற்குமுன் உட்புறத்தைக் கண்டதில்லை. "அட, இவ்வளவு சின்னதிலேயேவா!" என்று கூறி, "போதும், விளக்கை எடு, கண் கூசப்போகிறது" என்றார்.

இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்கப் பேரறிஞர், நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்து, வெண்கருவில் இரத்தப் புள்ளிபோல் இதயம் தோன்றித் துடிப்பதை எழுதிவைத்தார் என்பதை இக்கல்லூரிக்கு வந்தபின்னரே அறிந்தேன். அவர் நீண்டு கூர்த்த முட்டையில் பெண்ணும் உருண்டையானதில் ஆணும் பிறக்கும் என்றும் எழுதியுள்ளார். என் அப்பத்தாவோ கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பார். இருவருள் யார் சரி எனின், இருவருமல்லர். குஞ்சின் பால், முட்டை ஓடு பெறுவதற்கு முன்னரே தாய்க்கோழியின் நிறப்புரியால் தீர்ந்துவிடுகிறது. வடிவத்திற்கும் அதற்கும் உறவில்லை.

ஏழாம் நாள் பார்வையில் இரண்டு முட்டைகள் கருவற்றவை எனவும், ஒன்று தொடக்கத்திலேயே இறந்து செவ்வளையமாய் நின்றது எனவும் கண்டு நீக்கினேன். பன்னிரண்டு எஞ்சின. பன்னிரண்டும் செவ்வனே வளர்ந்தன. நான் அண்டை வீடுகளில் என் பெட்டியைப்பற்றிப் பேசத் தொடங்கினேன்.

நிற்க. நவம்பர் 15-ந் தேதி மாலை முதலே கஜா என்னும் புயல் நாகப்பட்டினக் கரையை நோக்கி வருவதாக அறிவிப்புக்கள் வந்தவண்ணம் இருந்தன. எங்கள் ஊர் கடலுக்கு அப்பால் உள்ளதாதலின் மழை பெய்யும், ஓரளவு காற்று வீசும் என்றே எல்லோரும் எண்ணினோம். நள்ளிரவுக்குப்பின், 16-ந் தேதி பிறந்த சில நாழிகையில், புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறிற்று. அதற்கு முன்னரே எங்கள் ஊரில் மின்சாரம் நின்றுவிட்டது. பின்னிரவில் காற்று வந்த விதத்தைச் சொல்ல எனக்குச் சொற்கள் போதா. ஓடுகள் சீட்டுக்கள்போல் ஒவ்வொன்றாய்ப் பறந்தன. தென்னைகள் முறியும் ஓசை தனித்தனியே கேட்டு, பின்னர்க் கணக்கின்றிக் கேட்டது. இடையே கொல்லைப்புறத்தில் நிலமே அதிர்ந்தாற்போன்ற ஒரு பேரொலி எழுந்தது. கதவைத் திறக்க எவராலும் இயலவில்லை. நான் தெர்மோகோல் பெட்டியின்மேல் இரண்டு போர்வைகளைப் போர்த்தி, அதனை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடிந்து காற்று தணிந்தபின் கொல்லையைப் பார்த்தோம். பலாமரம் வேரோடு சாய்ந்து கூண்டின்மேற் கிடந்தது. என் தந்தையாரும் நானும் கிளைகளை வெட்டி விலக்கிப் பார்த்தபொழுது, ஏழு உயிருள் ஒன்றும் எஞ்சவில்லை. சாம்பற் பெட்டை கூண்டின் ஓரத்தில், வாயிலுக்கருகில் கிடந்தது.

அதனை அடை வைத்திருந்தால் அவ்விரவு அது வீட்டினுள், அடுக்களை மூலையில், கூடையில் அமர்ந்திருக்கும். அம்மூலையில் ஓர் ஓடுகூடப் பெயரவில்லை.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றிய அக்கணமே அப்பத்தாவுக்கும் தோன்றியிருக்கும் என நான் அறிவேன். அவர் கோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தார். சாம்பற் பெட்டையின் இறகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "முட்டை என்ன ஆச்சு?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை, பின்னும் கேட்டதில்லை.

வெப்பமானி 29 டிகிரி காட்டிற்று. பன்னிரண்டு முட்டைகளும் பதினான்காம் நாளில் இருந்தன. எங்கள் தோப்பில் தென்னைகள் பாதிக்குமேல் வீழ்ந்து கிடக்க, என் தந்தையார் வரப்பில் தலையிற் கைவைத்து அமர்ந்திருக்க, நான் முட்டைக்கு வெந்நீர் கேட்டு அடுக்களையில் நின்றது எனக்கே நாணமாயிருந்தது. தாயார் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை மூட்டினார். தந்தையார் மாலையில் இதனைக் கண்டு, "தென்னை திரும்பிவர எத்தனை வருஷம் தெரியுமா?" என்றார். பின், தாமே இரண்டு காலிப் பாட்டில்களைத் தேடிக் கொணர்ந்து வைத்துவிட்டுப் போனார்.

வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் இருபுறமும் வைத்து மூடினோம். இரண்டு மூன்று மணிக்கொருமுறை நீரை மாற்ற வேண்டும். ஈரவிறகு, புகை, கண்ணெரிச்சல். வெப்பமானி 34-க்கும் 39-க்கும் இடையே ஊசலாடிற்று. நடுவே அதன் பாட்டரியும் சிறிது நேரம் மக்கர் செய்தது. அப்பொழுது அப்பத்தா ஒரு முட்டையை எடுத்துத் தம் மூடிய கண்ணிமைமேல் வைத்துப் பார்த்து, "சூடு குறைவு, ஊற்று" என்றார், மற்றொருமுறை, "இருக்கட்டும்" என்றார். வெப்பமானி மீண்டும் இயங்கியபொழுது அவர் சொன்னதும் அது சொன்னதும் ஒத்திருந்தன. எகிப்து தேசத்தில் மண்ணடுப்புக்களிற் பல்லாயிரம் முட்டைகளைப் பொரிக்கவைக்கும் தொழிலாளர், வெப்பமானி இன்றி, முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூடறிவர் என்று பின்னாளிற் படித்தேன். 1749-ல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் அவ்வடுப்புக்களைப்பற்றி ஒரு நூலே எழுதினார். வெப்பமானிக்குத் தம் பெயரால் அளவுமுறை வகுத்தவரும் அவரே. அவர் எங்கள் அடுக்களைக்கு வந்திருந்தால் அப்பத்தாவிடம் ஏதேனும் கேட்டிருப்பார்.

17-ந் தேதி நண்பகல் நான் பெரும்பிழை செய்தேன். இரவெல்லாம் விழித்த களைப்பில், கொதிநீர்ப் பாட்டிலைத் துணி சுற்றாமல் முட்டைகளை ஒட்டி வைத்துவிட்டுச் சுவரிற் சாய்ந்து உறங்கிப்போனேன். அப்பத்தா என்னை உலுக்கி எழுப்பியபொழுது பெட்டியினுள் 41.5 டிகிரி. கரு குளிரைச் சில மணி நேரம் பொறுக்கும். தாய்க்கோழியும் இரை தேட எழுந்து முட்டையை ஆறவிடுவது உண்டே. மிகுசூட்டைக் கரு பொறாது. இதை அப்பொழுது நான் அறியேன், அறிந்திருந்தாலும் உறங்கியிருப்பேன்.

அன்றிரவு அப்பத்தா, "நம்மால் முடியாது அப்பு. ஓர் அடைக்கோழி வேண்டும்" என்றார். ஊரில் இயந்திரம் வைத்து நாளைக்கு ஒருமணி நேரம் குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றினார்கள். அங்கே கைப்பேசிக்கு மின்னேற்றக் கூட்டம் நின்றது. பெட்டிக்கு அது உதவாது. மின்கம்பங்கள் வயலிற் கிடந்த நிலையில் மின்சாரம் எந்நாள் வருமென எவரும் சொல்வாரில்லை. எங்கள் தெருவுக்கு அது வந்தது இருபது நாளுக்கு மேல் கழித்து.

18-ந் தேதி வீடு வீடாகக் கேட்டேன். பல வீடுகளில் கோழியே இல்லை. சில வீடுகளில் வீடே இல்லை. மேலத்தெருக் கடைசியில் ஓர் அம்மாள் வீட்டில் ஓடு சரிந்து அடைக்கூடையின் முட்டைகள் யாவும் உடைந்திருந்தன. அக்கூடையில் உடைந்த ஓடுகளுக்கிடையே ஒரு செம்பெட்டை வெறும் வைக்கோலின்மேல் இன்னும் அமர்ந்திருந்தது. எவர் சென்றாலும் கொத்திற்று. நான் வந்த காரணத்தைக் கூறினேன். எங்கள் பக்கத்தில் கோழியை வாரத்திற்கு விடும் வழக்கம் உண்டு. குஞ்சுகளில் பாதி கோழிக்குரியவருக்கு. "வாரம் தருகிறோம் என்று அப்பத்தா சொல்லச் சொன்னார்கள்" என்றேன். மேற்கூரையற்ற அடுக்களையில் சமைத்துக்கொண்டிருந்த அவ்வம்மாள், "இப்போது வாரக்கணக்கா பேசுவது? தூக்கிக்கொண்டு போ தம்பி. கையைத் துணியால் சுற்றிக்கொள்" என்றார்.

அடைக்கோழியைப் புதிய முட்டைமேல் இருட்டிலேதான் வைக்கவேண்டும். பகலில் வைத்தால் இடம் மாறியதை உணர்ந்து எழுந்துவிடும். இரவானபின் அப்பத்தா பழங்கூடையை எடுத்து, மணலும் வைக்கோலும் இட்டு, பன்னிரண்டு முட்டைகளையும் வைத்தார். கரியும் மிளகாயும் ஆணியும் வைத்தார். நான் தடை சொல்லவில்லை. செம்பெட்டையை மெல்ல இறக்கினார். அது ஒருமுறை எழுந்தது. அலகால் ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தது. வயிற்றிறகை விரித்து அமர்ந்தது. நான் மூன்று நாட்களில் முதன்முறையாக உறங்கச் சென்றேன்.

20-ந் தேதி அப்பத்தா தம் முறைப்படி சோதித்தார். வாயகன்ற சட்டியில் இளஞ்சூட்டு நீர் ஊற்றி, முட்டைகளை அதில் மிதக்கவிட்டார். உயிருள்ள முட்டை நீரில் சிறிது துடித்தாடும். ஒன்பது ஆடின, மூன்று ஆடவில்லை. ஆடாதவற்றையும் அவர் எறியவில்லை. "சிலது தூங்கும்" என்று கூறி மீண்டும் கூடையில் வைத்தார்.

23-ந் தேதி திருக்கார்த்திகை. மின்விளக்கு ஒன்றும் இல்லாத எங்கள் ஊரில், இடிந்த சுவர்களின் மேலும் சாய்ந்த மரங்களின் மேலும் அகல் ஏற்றினார்கள். அத்தனை இருளில் அத்தனை விளக்கை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஆனால் முட்டைகள் அசையாதிருந்தன. 21 நாள் கடந்துவிட்டது. நான் நம்பிக்கை இழந்தேன். சூடு குறைந்த நாட்களுக்கேற்பப் பொரிப்பதும் பிந்தும் என்பதை எனக்குச் சொல்வார் இல்லை. அப்பத்தா மட்டும், "பட்ட பாட்டுக்கு ஒருநாள் கூடத்தான் ஆகும்" என்றார்.

மறுநாள் மாலை கூடையருகே காதை வைத்த என் தங்கை, "முட்டை பேசுகிறது!" என்று கூவினாள். உண்மையே. கடைசி நாளில் குஞ்சு, முட்டையின் பருத்த முனையிலுள்ள காற்றறையை அலகால் துளைத்து முதன்முறை மூச்சு விடும். அப்பொழுதே கீச்சிடத் தொடங்கும். செம்பெட்டை அதற்கு மறுமொழிபோல் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. என் பெட்டியில் அக்குரல் இருந்திருக்காது. மேலலகின் நுனியிலுள்ள வெண்மையான சிறு பல்லால் ஓட்டைச் சுற்றி அறுத்துக்கொண்டு முதற்குஞ்சு இரவு ஒன்பது மணியளவில் வெளிவந்தது. ஈரமாய், கழுத்து நிற்காமல், பார்க்க அழகற்றதாய் இருந்தது. ஒரு மணி நேரத்தில் உலர்ந்து பஞ்சுருண்டை ஆயிற்று. விடிவதற்குள் ஆறு; 25-ந் தேதி நண்பகலுக்குள் ஏழு.

எட்டாவது குஞ்சு ஓட்டைத் துளைத்து, பின் நின்றுவிட்டது. நான் உரித்து உதவக் கை நீட்டினேன். அப்பத்தா தடுத்தார். மாலைவரை கீச்சொலி கேட்டது, பிறகு கேட்கவில்லை. எஞ்சிய நான்கையும் கொல்லையில் வைத்து உடைத்துப் பார்த்தேன். ஒன்றில் முழுக்குஞ்சு தலையைக் கால்களுக்கிடையே வைத்தவாறு இறந்திருந்தது. மற்றை மூன்றும் இறகு முளைத்த, ஆனால் முற்றாத உருவங்கள். பதினைந்து பதினாறாம் நாளளவில் நின்றுபோனவை. அவை எந்த நண்பகலில் நின்றன என்பதை நான் எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பலாமரம் இருந்த குழியில் அவற்றைப் புதைத்தேன்.

பொரித்த குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் இரை வேண்டுவதில்லை. மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதி வயிற்றினுள் இழுக்கப்பட்டு உணவாகிறது. பண்ணைக் குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் நெடுந்தொலைவு செல்ல முடிவதும் இதனாலே. மூன்றாம் நாள் குருணை தூவினோம். வீழ்ந்த மரங்களில் கறையான் ஏறத் தொடங்கியிருந்தது. அதுவே குஞ்சுகளுக்குச் சிறந்த இரையாயிற்று. வெள்ளைக்கழிச்சல் என்று நம்மவரும், குமாவுன் மலையூரான இராணிக்கேத்தின் பெயரால் மருத்துவரும் வழங்கும் கொடுநோய்க்கு ஏழாம் நாள் கண்ணில் விடவேண்டிய சொட்டுமருந்தைச் சாலை சீர்பட்டபின் சில நாள் பிந்திப் பெற்றுவந்து விட்டோம். ஒரு குஞ்சைக் கீரி கொண்டுபோயிற்று. ஆறு தேறின. தைமாத இறுதியில் அப்பத்தா மூன்று குஞ்சுகளையும் செம்பெட்டையையும் பஞ்சாரத்தில் இட்டு மேலத்தெருவுக்குத் தாமே சுமந்து சென்றார். அவ்வம்மாள் ஒரு குஞ்சை மட்டும் போதுமென்றாராம். அப்பத்தா மூன்றையும் விட்டுவிட்டே வந்தார்.

எங்களிடம் நின்ற மூன்றில் இரண்டு பெட்டை. ஒன்று சாம்பல் நிறம். 2019-ம் ஆண்டு ஆடி மாதம் அது பதின்மூன்று முட்டையிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, "கொர் கொர்" என்றது. அப்பத்தா என்னைப் பார்த்தார். நான் பரண்மேல் ஏறி, பழங்கூடையை எடுத்துக் கொடுத்தேன். அதன் பக்கத்தில் என் தெர்மோகோல் பெட்டி இருந்தது. அதை அப்பத்தா பல மாதங்களுக்கு முன்னரே வரமிளகாய் போட்டுவைக்க எடுத்துக்கொண்டிருந்தார். ஈரம் ஏறாமல் நன்றாக இருக்கிறதாம். கூடைக்கு வேண்டிய மிளகாயையும் அதினின்றே எடுத்தார்.